மினிவேன் பின்னாடி பாப்-அப் கேம்பர்: வேலூர்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

அக்னி நட்சத்திரம் வரதுக்குள்ள காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் நிறைய வீட்டு அப்பா அம்மா அமெரிக்காவுக்கு பையன் வீட்டுக்கோ பொண்ணு வீட்டுக்கோ கிளம்பிடறாங்க. அங்க இருந்து பையன் போன்ல "இந்த தடவை வேன்ல கேம்பரை மாட்டிக்கினு பார்க் பார்க்கா சுத்தலாம்பா"ன்னு சொல்லிட்டான்னா, அடுத்த நாளே என்கிட்ட வந்துடறாங்க, ஏன்னா அங்க இருந்தப்ப நானும் ஒண்ணு வச்சிருந்தேன்னு தெருவுக்கே தெரியும். பசங்களும் ராத்திரியில கூப்பிட்டு கேக்கறாங்க. சுத்தி சுத்தி அதே சந்தேகம்தான். அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே. கணக்கெல்லாம் அமெரிக்க வேனுக்கு, நம்ம ஊரு விஷயம் கடைசியில இருக்கு.

பாப்-அப் கேம்பர்னா இன்னா சார், கேரவன் மாதிரியா?

கேரவனோட தம்பின்னு வச்சிக்கோங்க. மூடி இருக்கும்போது ஒரு தகர பெட்டி மாதிரி தாழ்வா இருக்கும், நம்ம நெஞ்சு உயரம் கழுத்து உயரம்தான். போய் சேர்ந்த அப்பால கைப்பிடியை சுத்தினா கூரை மேல எழும்பும், ரெண்டு பக்கமும் கட்டிலை வெளிய இழுத்து விடலாம், சுவரு எல்லாம் கேன்வாஸ் துணி. உள்ள சின்ன அடுப்பு, சிங்க், மேஜை இருக்கும். ஆறு பேரு படுக்கலாம்னு விளம்பரத்துல போடுவாங்க, நாலு பேருன்னா நிம்மதியா படுக்கலாம்.

ஓடும்போது நான் அதுக்குள்ளயே படுத்துக்கினு வரலாமாப்பா? இடுப்பு வலி, வேன்ல உக்கார முடியாது

முடியாதும்மா. மூடினா உள்ள ஆள் இருக்க இடமே கிடையாது, கூரை மெத்தை மேல வந்து உக்காந்துடும். வேன்ல நடு சீட்டை சாய்ச்சுக்கோங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்த சொல்லுங்க. வண்டி இழுத்துக்கினு போறவனுக்கும் இறங்கி ஹிட்ச் (கேம்பரை வேன்ல மாட்டற இரும்பு இணைப்பு), டயரை எல்லாம் ஒரு பார்வை பார்க்க அது நல்லது.

பையன்கிட்ட இருக்கறது வெறும் ஃபேமிலி வேன்தான், லாரி மாதிரி பெரிய வண்டி இல்ல. அது இழுக்குமா?

பெரும்பாலும் இழுக்கும், ஆனா எந்த வேன், எந்த வருஷம்னு பார்க்கணும். டொயோட்டா சியன்னா 2020 மாடல் வரைக்கும் 3500 பவுண்டு (சுமார் 1590 கிலோ) இழுக்கும்னு கம்பெனியே சொல்லியிருக்கு, 2021ல முழுக்க ஹைபிரிட் ஆன அப்பால அது 1500 பவுண்டா இறங்கிடுச்சு. பேரு அதே சியன்னாதான், இதுல நிறைய பேரு ஏமாந்துடறாங்க. கியா கார்னிவல் பெட்ரோல் வண்டி 3500. கிரைஸ்லர் பசிஃபிகாவுக்கு, இழுக்கறதுக்குன்னே கம்பெனி போட்டு தர டோ பேக்கேஜ் இருந்தா 3600, ஆனா அதே பசிஃபிகா சார்ஜ் போடற பிளக்-இன் ஹைபிரிட்னா இழுக்கவே கூடாதுன்னு இருக்கு. ஹோண்டா ஒடிசியில வருஷத்தையும் கியர்பாக்ஸையும் பொறுத்து 3000, 3500ன்னு மாறும்.

பக்கத்து வீட்டுக்காரன் வேன் இழுக்குதுன்னு நம்மளுதும் இழுக்கும்னு நினைக்காதீங்க, உங்க வண்டியோட மேனுவலை எடுத்து படிங்க. பாப்-அப்புல ஒரு வசதி இன்னான்னா அது தாழ்வா இருக்கறதால காத்து தடுக்காது. அதே எடையில உயரமான டிரெய்லரை மாட்டினா இன்ஜின் திணறும், சில மேனுவல்ல எடை மட்டும் இல்லாம டிரெய்லரோட முன்பக்க பரப்பளவுக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பாங்க.

மாமா, வேன் 3500 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு, கேம்பர் 2000 பவுண்டுதான். அப்பால எதுக்கு இவ்ளோ யோசிக்கணும்?

எல்லாருமே தப்பு பண்ற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். முதல்ல அந்த 2000 உண்மையான எடை இல்ல. விளம்பரத்துல போடறது காலி வண்டியோட எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், கூரை மேல ஏசி, மெத்தை விரிப்பு, பாத்திரம், நாற்காலி எல்லாம் ஏறினா 2500, 2600 சாதாரணமா வந்துடும். தண்ணி டேங்க் 20 கேலன் ரொப்பினா அது மட்டுமே 75 கிலோ, அதனால தண்ணியை போற இடத்துல பிடிச்சிக்கலாம், காலியாவே இழுத்துக்கினு போங்க. சரியான எடை தெரியணும்னா லாரிங்க எடை போடற மேடை அங்க ஹைவே ஓரம் டிரக் ஸ்டாப்புல இருக்கும், நம்ம ஊரு எடை மேடை மாதிரியேதான், ரசீதும் தருவாங்க.

ரெண்டாவது, இதுதான் முக்கியம்: வேன் எவ்ளோ இழுக்கும்ங்கறது ஒரு கணக்கு, வேன் எவ்ளோ சுமக்கும்ங்கறது வேற கணக்கு. டிரைவர் கதவை திறந்தா கதவு ஓரத்துல ஒரு மஞ்சளும் வெள்ளையுமா ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு. ஒரு பேச்சுக்கு அதுல 590 கிலோன்னு வச்சிக்கோங்க. பையன் 75, மருமக 60, நீங்க 70, வீட்டுக்காரம்மா 60, புள்ளைங்க ரெண்டும் சேர்ந்து 50, இதுவே 315. வேனுக்குள்ள சாமான் 100 கிலோ. கேம்பர் முன்பக்கம் வேன் மேல அழுத்தற எடை 140 கிலோ, அடுத்த கேள்வியில அதை சொல்றேன். ஹிட்ச் இரும்பு 20 கிலோ. கூட்டிப் பாருங்க, 575. மிச்சம் 15 கிலோ. ஆம்பூர் பிரியாணி போடலாம்னு நீங்க ஒரு சீரக சம்பா மூட்டையும் குக்கரும் ஏத்தினா முடிஞ்சிது கதை. இழுக்கறதுல இன்னும் 900 பவுண்டு மிச்சம் இருக்கும், ஆனா சுமக்கறதுல வேன் ஃபுல்லு. மினிவேன்ல எப்பவுமே முதல்ல தீர்ந்து போறது இந்த ஸ்டிக்கர் கணக்குதான், இதை பார்க்காம 3500, 3500ன்னு சொல்லிக்கினு இருக்கறது வெறும் பேச்சு.

இதோட சில கம்பெனிங்க மேனுவல்ல, ஆளு ஏற ஏற இழுக்கற எடையும் குறையும்னு ஒரு பட்டியல் போட்டிருப்பாங்க. பெரிய நம்பர் எல்லாம் ரெண்டு பேரு மட்டும் உக்காந்தா வரது. குடும்பத்தோட போறவங்களுக்கு அந்த பட்டியல்ல கீழ இருக்கற நம்பர்தான்.

அந்த 140 கிலோ எங்க இருந்து வந்துச்சு?

டிரெய்லரோட மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் முன்னாடி ஹிட்ச் மேல உக்காரணும், டங் வெயிட்னு சொல்வாங்க. 2600 பவுண்டுன்னா சுமார் 1180 கிலோ, அதுல 12 சதவீதம் 140. மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இதை விளக்கவே வேணாம், பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி தூக்கிக்கும், முன்பாரம் ஜாஸ்தி ஆச்சுன்னா மாடு கழுத்து நோகும், அதே சமாச்சாரம்தான். இங்க பின்பாரம் ஆச்சுன்னா டிரெய்லர் வேகத்துல பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும்.

அதனால எடை குறையட்டும்னு கேம்பர்ல பின்னாடி சாமானை அடைக்கறது, சைக்கிளை பின்னாடி பம்பர்ல தொங்க விடறது எல்லாம் வேணாம். கனமானது அச்சுக்கு நேரா, கொஞ்சம் முன்னாடி, தரையோட.

வேன் பின்பக்கம் தாழ்ந்து போவுது அண்ணா, ஸ்பிரிங்ல காத்து பை போட்டா இன்னும் 100 கிலோ ஏத்தலாம்னு ஒருத்தர் சொல்றாரு

பின்பக்கம் நிமிரும், அவ்ளோதான். ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் மாறாது, ஏன்னா அச்சு, டயர், பிரேக் எல்லாம் அதேதான். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்னு ஒண்ணு இருக்கு, பாரத்தை முன் சக்கரத்துக்கும் பிரிச்சு விடும், அதை சில வேன் மேனுவல் போட சொல்லுது, சிலது வேண்டவே வேண்டாம்னு சொல்லுது, மேனுவல் வேணாம்னா வேணாம்தான்.

மாட்டறதுக்கு இன்னா இன்னா வாங்கணும்?

வேனுக்கு அடியில ஹிட்ச் ரிசீவர். கிளாஸ் 1 ஹிட்ச் 2000 பவுண்டு வரைக்கும், கிளாஸ் 2 ஹிட்ச் 3500 வரைக்கும். பாப்-அப்புக்கு கிளாஸ் 2 இல்ல அதுக்கு மேல போடுங்க, ஆனா பெரிய ஹிட்ச் போட்டதால வேனோட சக்தி கூடிடாது. கியர்பாக்ஸ் ஆயில் கூலர் ஏற்கனவே இருக்கான்னு பாருங்க, மினிவேன்ல முதல்ல சூடாகி சாவறது கியர்பாக்ஸ்தான், மலை ஏறும்போது அதோட ஆயில் கொதிக்கும். பல வேன்ல கூலர் இருந்தாதான் அந்த 3500 செல்லும்.

அப்புறம் ஹிட்ச் மேல இருக்கற இரும்பு உருண்டை, கேம்பர் மூக்குல இருக்கற கப்ளர்ங்கற பூட்டு அது மேலதான் உக்காரும். 1 7/8 இஞ்ச், 2 இஞ்ச்னு ரெண்டு சைஸ் சாதாரணமா வரும், பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும். 2 இஞ்ச் கப்ளரை சின்ன உருண்டை மேல வச்சு பூட்டினா பூட்டின மாதிரிதான் தெரியும், வழியில ஒரு பள்ளத்துல குதிச்சா கழண்டுக்கும். பூட்டின அப்பால ஜாக்கியை சுத்தி கேம்பர் மூக்கை தூக்கிப் பாருங்க, வேனோட பின்பக்கமும் கூடவே எழும்பினா சரியா மாட்டியிருக்குன்னு அர்த்தம். சேஃப்டி செயினை ரெண்டும் குறுக்கா, பெருக்கல் குறி மாதிரி மாட்டணும், ஒருவேளை கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம செயின் மேல உக்காரும்.

கேம்பருக்கு தனியா பிரேக் வேணுமா? வேன் பிரேக்கே நல்லாதான் பிடிக்குது

வேணும். வேன் பிரேக்கு வேனை நிறுத்த செஞ்சது, கூட ஒரு டன்னு பின்னாடி தள்ளும்போது அது எப்படி பிடிக்கும்? சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிபோர்னியாவுல கேம்பர் 1500 பவுண்டு தாண்டினாலே பிரேக் இருக்கணும், பல மாநிலத்துல 3000 பவுண்டுக்கு மேலதான் கேப்பாங்க. ஆனா சட்டத்தை விட வேன் மேனுவல் கறாரா இருக்கும், ஹோண்டா எல்லாம் 1000 பவுண்டு தாண்டினாலே தனி பிரேக் வேணும்னுதான் எழுதியிருக்கு.

கேம்பர்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்தா மட்டும் போதாது, வேனுக்குள்ள பிரேக் கன்ட்ரோலர்னு சின்ன பெட்டி வைக்கணும், 7 பின் வயரிங் இழுக்கணும். சாதாரணமா வேன்ல போட்டு தரது 4 பின், அதுல லைட்டு மட்டும்தான் எரியும். நிறைய பேரு 4 பின்னுக்கு ஒரு அடாப்டரை மாட்டிட்டு பிரேக் வேலை செய்யுதுன்னு நம்பிக்கினு ஓட்டறாங்க, செய்யாது. கூடவே ஒரு மெல்லிசு கம்பி தொங்கும், கேம்பர் கழண்டா அதை இழுத்து பிரேக்கை தானா போட வைக்கறதுக்கு. அதை செயின்ல மாட்டாதீங்க, வேன்ல மாட்டுங்க.

எவ்ளோ ஸ்பீடு போலாம்?

டிரெய்லர் இழுத்தா கலிபோர்னியாவுல மணிக்கு 55 மைல், சுமார் 88 கிலோமீட்டர், அதுக்கு மேல போனா ஃபைன். மத்த சில மாநிலத்துல போர்டுல 70 போட்டிருக்கும், ஆனா டிரெய்லர் டயருங்க பலது 65 மைல் வேகத்துக்குதான் செஞ்சது. நான் கேட்டா 60 போதும்னு சொல்வேன். முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியை வழக்கத்தை விட ரெண்டு மடங்கு விடுங்க. மலை இறங்கும்போது இறங்கறதுக்கு முன்னாடியே கியரை குறைச்சுடணும், பாதி வழியில பிரேக்கு சூடாகி நாத்தம் அடிச்ச அப்பால குறைச்சு பிரயோஜனம் இல்ல.

பின்னாடி ஆட ஆரம்பிச்சா இன்னா பண்றது? பிரேக்கை அழுத்தணுமா, ஸ்டீயரிங்கை திருப்பணுமா?

ரெண்டுமே வேணாம். ஸ்டீயரிங்கை நேரா கெட்டியா பிடிச்சுக்கினு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, கன்ட்ரோலர்ல கையால அழுத்தற ஒரு லீவர் இருக்கும், அதை மெதுவா அழுத்தினா கேம்பர் பிரேக் மட்டும் பிடிச்சு பின்னாடி இருந்து இழுத்து நேராக்கும். ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை திருப்பினா ஆட்டம் கூடும், வேகத்தை கூட்டினா நேராகிடும்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க. அடங்கின அப்பால ஓரம் கட்டி நிறுத்தி, முன்பாரம் பின்பாரம், டயர் காத்து பார்த்துட்டுதான் திரும்ப கிளம்பணும்.

ரிவர்ஸ் எடுக்கவே வரமாட்டேங்குது சார், மானம் போவுது

ஸ்டீயரிங்கோட அடிப்பக்கம், ஆறு மணி முள்ளு இருக்கற இடத்துல கையை வைங்க. கேம்பரோட பின்பக்கம் எந்த பக்கம் போணுமோ அந்த பக்கம் கையை நகர்த்துங்க, அவ்ளோதான். பாப்-அப் சின்னது, அதனால பெரிய டிரெய்லரை விட வேகமா மடங்கிக்கும், மடங்குதுன்னு தெரிஞ்சா முன்னாடி போய் நேராக்கிட்டு திரும்ப வாங்க. ஒருத்தர் மட்டும் இறங்கி சைகை காட்டணும், குடும்பமே இறங்கி ஆளுக்கு ஒரு பக்கம் "வா வா, ஒடி ஒடி"ன்னு கத்தினா யாராலயும் எடுக்க முடியாது.

பழசு ஒண்ணு விலைக்கு வருது, இன்னா பார்த்து வாங்கணும்?

திறந்து காட்ட சொல்லுங்க, மூடின கேம்பரை பார்த்து காசு குடுக்காதீங்க. கேன்வாஸ்ல பூஞ்சை, கிழிசல், தரையில மூலைங்களை காலால அழுத்திப் பாருங்க, மெத்துன்னு அமுங்கினா தண்ணி இறங்கி பலகை உளுத்துப் போச்சுன்னு அர்த்தம். கூரை நாலு மூலையும் ஒண்ணா எழும்பணும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2316ன்னா 2016ல 23வது வாரம் செஞ்சது, பட்டன் நல்லா இருந்தாலும் அஞ்சாறு வருஷம் தாண்டின டயரை மாத்திடுங்க. பேப்பர் விற்கறவர் பேருல இருக்கா பாருங்க.

மழையில நனைஞ்சா?

நனைஞ்சா ஒண்ணும் ஆகாது, ஈரத்தோட மூடி வச்சாதான் கெடும். ஈரமா மூடிட்டு வந்தா வீட்டுக்கு வந்து அடுத்த நாளே திறந்து காய வைக்கணும்.

பாத்ரூம் எங்க போறது? அதை முதல்ல சொல்லுங்க

இந்த கேள்வி எல்லா அம்மாவும் கேக்கறது, நியாயமானதும் கூட. கேம்ப்கிரவுண்டு பலதுல பொது கழிப்பறை இருக்கும், பெரும்பாலும் சுத்தமாவே வச்சிருப்பாங்க, குளிக்கற வசதி எல்லா இடத்துலயும் கிடையாது, புக் பண்ணும்போதே பாருங்க. நடுராத்திரிக்கு உள்ளயே வைக்கற மாதிரி சின்ன கேசட் டாய்லெட் கிடைக்கும். கழிப்பறைக்கு கிட்ட இடம் புக் பண்ண சொல்லி பையன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.

சமையல் உள்ள பண்ணலாமா? கரடி வரும்னு வேற பயமுறுத்தறாங்க

சமைக்கலாம், ஆனா துணி சுவரு, தாளிப்பு நாத்தம் போகவே போகாது, வெளிய மேஜை மேல அடுப்பை வச்சிக்கறதுதான் நல்லது. குளிருக்கு அடுப்பை பத்த வச்சிட்டு தூங்கறது மட்டும் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துடும். வண்டி கிளம்பும்போது கேஸ் வால்வை மூடிடணும். சில சுரங்கப்பாதையில கேஸ் சிலிண்டரோட உள்ளயே விடமாட்டாங்க, பால்டிமோர் சுரங்கம் அப்படித்தான், வழி முன்கூட்டியே பார்த்துக்கணும்.

கரடி விஷயம் சும்மா பயமுறுத்தல் இல்ல. யெல்லோஸ்டோன் தேசிய பூங்காவுல ஃபிஷிங் பிரிட்ஜ்னு ஒரு ஆர்வி பார்க் (வீடு மாதிரி வண்டிங்க நிறுத்தி தங்கற இடம்) இருக்கு, அங்க கெட்டி சுவரு வண்டிக்கு மட்டும்தான் அனுமதி, டெண்டும் பாப்-அப்பும் கிடையாது. இதை பார்க்காம புக் பண்ணிட்டா அங்க போய் திரும்பணும். மத்த இடத்துல சாப்பாட்டை இரும்பு பெட்டியில பூட்டி வைக்க சொல்வாங்க, பற்பசை, சோப்பு கூட அதுலதான். கருவாடு எடுத்துக்கினு போற யோசனை இருந்தா விட்டுடுங்க.

நான் இங்க கார் ஓட்டறவன்தான், அங்க நான் கொஞ்ச தூரம் ஓட்டி பையனுக்கு கை மாத்தலாமா?

நம்ம ஆர்டிஓவுல ஒரு வருஷத்துக்கு இன்டர்நேஷனல் பர்மிட் தருவாங்க, பல மாநிலத்துல நம்ம லைசென்ஸோட சேர்த்து அதை ஏத்துக்கறாங்க. கார் ஓட்டலாம், சரி. ஆனா எதிர்ப்பக்கம் ஓட்டற ரோட்டுல, பின்னாடி ஒரு டன்னை இழுத்துக்கினு, அதுவும் பையனோட இன்சூரன்ஸ்ல உங்க பேரு இல்லாம? நான் வேணாம்னுதான் சொல்வேன். வாடகை வேன்ல இழுக்கலாம்னு யோசிக்கறவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், பெரும்பாலான வாடகை கம்பெனி அக்ரிமெண்ட்ல டிரெய்லர் இழுக்கக் கூடாதுன்னே எழுதியிருக்கும்.

உங்க கணக்குப்படி பார்த்தா எங்க ரெண்டு பேராலதான் வெயிட்டு தாண்டுது. நாங்க வரலைன்னு சொல்லிடட்டுமா?

இப்படி கேட்டவரு ரொம்ப வருத்தமா கேட்டாரு, அதனால இதையும் சேர்த்துட்டேன். சாமானை குறைக்க சொல்லுங்க, ஆளை குறைக்க வேணாம். வேன்ல இருக்கற அந்த 100 கிலோவை முதல்ல பிரிச்சுப் பாருங்க, ஐஸ் பெட்டி, தண்ணி கேன், விறகு இதெல்லாம் போற இடத்துல வாங்கிக்கலாம். விறகை தூரத்துல இருந்து கொண்டு போறதே தப்பு, பூச்சி பரவும்னு பல இடத்துல தடை இருக்கு. அதுக்கும் மேலன்னா மருமக தனி கார்ல உங்களை கூட்டிக்கினு பின்னாடியே வரட்டும், பெட்ரோல் செலவு கூடும், ஆனா இடுப்பு வலிக்காரங்களுக்கு அதுல இடமும் தாராளம். கேம்பருக்குள்ள மாத்தி ஏத்தறதுன்னா மேல சொன்ன அச்சு கணக்கை பார்த்து ஏத்துங்க, அதுலயும் ஒரு பத்து பன்னண்டு சதவீதம் வேன் மேலதான் வரும்.

அப்ப நம்ம இன்னோவாவுல ஒண்ணு செஞ்சு மாட்டிக்கினு ஏலகிரி போலாமே?

பட்டறையில வெல்டிங் வச்சு செஞ்சுடலாம்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. 1988 மோட்டார் வாகன சட்டத்துல டிரெய்லரும் ஒரு வண்டிதான், அதுக்கு தனியா ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், 61வது பிரிவு படி இழுக்கற வண்டியோட நம்பரும் டிரெய்லர்ல தெரியற மாதிரி இருக்கணும். அதனால இரும்பு வாங்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் கேளுங்க, இன்னோவா மேனுவல்ல இழுக்கறதை பத்தி இன்னா போட்டிருக்குன்னு பாருங்க. மேல சொன்ன ஸ்டிக்கர் கணக்கு, பிரேக்கு எல்லாம் இங்கயும் அதேதான்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புலவரு இல்ல வள்ளல் பேரு வச்சிருப்பாங்க. வளைவுல டிரெய்லர் சக்கரம் வேன் சக்கரம் போன வழியில வராது, உள்பக்கமா வெட்டிக்கினு வரும். நீங்க அகலமா எடுக்கணும், அதே நேரம் மேல இருந்து பஸ்ஸு இறங்கும், அப்ப பாதி வளைவுல நின்னு டிரெய்லரோட ரிவர்ஸ் எடுக்கற நிலைமை வந்துச்சுன்னா உங்க பின்னாடி ஜோலார்பேட்டை வரைக்கும் வண்டி நிக்கும். மே மாசத்துல கீழ சமவெளியில கேன்வாஸ் கேம்பரை போட்டு படுக்கறதும் நடக்கற காரியம் இல்ல.

மலையில ராத்திரி தங்கணும்னு ஆசைன்னா நல்ல டெண்ட் ரெண்டு வாங்கி டிக்கியில போட்டுக்கினு போங்க, ஏலகிரியில டெண்ட் போட இடம் விடற தனியார் ஆளுங்க இருக்காங்க. ஜவ்வாது மலை பக்கம் போறதுன்னா காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம டெண்ட் அடிக்காதீங்க.